கடலோரக் கூடாரத்தில் தங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரத்தைத் தாண்டிப் போனால் சவுக்குத் தோப்பும் மணல்மேடும் கடலும் மட்டுமே இருக்கிற இடங்கள் இன்னும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் கட்டில், மெத்தை, குளியலறையோடு கூடாரம் போட்டுத் தங்குவதைத்தான் கிளாம்பிங் என்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. ஆனால் துணிச் சுவர் வைத்த ஓட்டல் அறை என்று நினைத்துப் போகிறவர்கள்தான் அவதிப்பட்டுத் திரும்புகிறார்கள்.

முதல் தவறு, மாதத்தைப் பார்க்காமல் பதிவு செய்வது. தீபாவளி, அரையாண்டு விடுமுறை என்று நாம் தேதி பார்க்கிறோம். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். தானே புயல் 2011-லும், வர்தா புயல் 2016-லும், மிச்சாங் புயல் 2023-லும் டிசம்பரில்தான் வந்தன. சவுக்கு உயரமாக வளரும், ஆனால் மணலில் நிற்கிற மரம். புயல் காற்றில் முறியும், சாயும். அதன் அடியில் கூடாரத்தில் தூங்குவது ஆபத்து. பொங்கலுக்குப் பிறகு மார்ச் வரை போங்கள். மே மாதம் வேண்டவே வேண்டாம். மேற்கிலிருந்து வீசுகிற மேல்காற்று பலமாக இருக்கிற நாளில் கடல்காற்று பிற்பகல் வரை உள்ளே வராது, கூடாரம் அடுப்பாகிவிடும்.

அப்புறம், கூடாரத்தை எதில் கட்டியிருக்கிறார்கள் என்று கேட்காமல் இருப்பது. கூடாரக் கயிற்றைக் கட்டுகிற முளை செம்மண்ணில் பிடிக்கும், மணலில் பிடிக்காது. ஒருமுறை நாங்கள் தங்கிய இடத்தில் நள்ளிரவில் காற்று ஏறி, இரண்டு முளைகள் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன. விடியும் வரை நானும் என் தம்பியும் மாறி மாறிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், குழந்தைகள் பயந்து அழுதார்கள். மணல் மூட்டையில் கயிற்றைக் கட்டி, அந்த மூட்டையை ஆழமாகப் புதைத்தால் நிற்கும். போன் செய்யும்போதே இதைக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத இடத்துக்குப் போகாதீர்கள்.

சவுக்குச் சருகு பஞ்சு போலப் பற்றிக்கொள்ளும். அதனால் தீ மூட்டுவது தோப்புக்கு வெளியே, வெறும் மணலில்தான். பலரும் கடைசியில் கங்கின் மேல் மணலைத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். உள்ளே கங்கு மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும்; காலையில் வெறுங்காலோடு ஓடுகிற குழந்தை அதில்தான் மிதிக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள்.

கட்டில் இருக்கும்போது காற்றுக்காகத் தரையில் பாய் விரித்துப் படுப்பதும் தவறு. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. அதன் கடி பல நேரம் வலிக்காது, தூக்கத்தில் தெரியாமலே போய்விடும். வயிற்றுவலி, கண் இமை கீழே சரிவது என்று எழுந்தால் அஜீரணம் என்று நினைக்காதீர்கள். கட்டுவது, கீறுவது எதுவும் செய்யாமல் 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துத் தருகிற இருளர் கூட்டுறவுச் சங்கம் இதே சாலையில், வடநெம்மேலியில்தான் இருக்கிறது. கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டு படுத்தால் இந்தப் பயமே பெரும்பாலும் தேவையில்லை.

கடலில் இறங்குவது பற்றி ஒன்றுதான் சொல்வேன். இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாகத் தெரிந்தால், கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. ஆளில்லாத கடற்கரையில் அதில் இழுபட்டால் காப்பாற்ற யாரும் வர மாட்டார்கள். பக்கத்துக் குப்பத்து மீனவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

கடைசியாக, என் மனதுக்கு நெருக்கமானது: விளக்கு. நான் போகச் சொல்கிற அதே ஜனவரி முதல் மார்ச் வரைதான் பங்குனி ஆமைகள் என்கிற கடலாமைகள் நம் கரையில் முட்டையிடுகின்றன. ஒரு குழியில் நூறு முட்டை அளவுக்கு இருக்கும், சுமார் 45 நாளுக்குப் பிறகு குஞ்சுகள் வெளிவரும். இரவில் வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று அவை நம்பிப் போகும். கூடார வாசலில் அழகுக்காகத் தொங்கவிட்ட விளக்குச் சரம் அவற்றைத் தோப்புக்குள் இழுத்துவிடும். விடிந்தால் நாயும் காகமும் வெயிலும் காத்திருக்கும். பெசன்ட் நகர், நீலாங்கரைக் கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து முட்டைகளைக் காப்பாற்றுகிறார்கள். நாம் செய்ய வேண்டியது மிகக் குறைவு. இருட்டியதும் கடல் பக்க விளக்குகளை அணைக்கச் சொல்லுங்கள். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றுங்கள். ஆமை கரையேறுவதைப் பார்த்தால் பிளாஷ் போடாமல், அதன் பின்பக்கமாகத் தள்ளி, மணலில் அசையாமல் உட்காருங்கள். முட்டையிட்டு முடித்துக் குழியை மூடிவிட்டு அது கடலுக்குத் திரும்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும்.