சிறையில் இருக்கும் அப்பாவை மனு பார்க்க (சிறையில் நேரில் சந்திக்க) பேரப்பிள்ளையைக் கூட்டிப் போகும் ஆச்சிக்கு

"அப்பா துபாய்ல இருக்காரு" என்று மறைக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் யாராவது உண்மையைப் போட்டு உடைத்தால், பிள்ளை உங்களையும் நம்பாது. "ஒரு வழக்குல ஜெயில்ல இருக்காரு, அது உன்னால இல்ல மக்களே" என்றால் போதும்.

நாகர்கோவில் சிறையா, பாளையங்கோட்டை மத்திய சிறையா, மனு நாள் எது என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். இருவர் ஆதாரும், உறவைக் காட்ட ரேஷன் கார்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காத்திருப்பு நீளும், பேச்சு சில நிமிடம்தான். அப்பாவைத் தொட முடியாமல் போகலாம். இதை முன்பே சொல்லாவிட்டால் பிள்ளை அங்கே உடைந்து அழலாம். அப்பாவோடு பேசும் நேரத்தில் வக்கீல் ஃபீஸ் பற்றிப் பேசவே கூடாது.

வர மறுத்தால் இழுக்காதீர்கள். கடிதமோ படமோ அனுப்பலாம். அப்பா பிள்ளையைத் துன்புறுத்திய சந்தேகம் இருந்தால், முதலில் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.