ஆர்எக்ஸ் 100-ஐ டாப் ஸ்பீடு ஓட்டத்துக்கு ரெடி பண்ணுறது எப்படி

நம்ம திருநெல்வேலிப் பக்கம் யமஹா ஆர்எக்ஸ் பைக் டியூனிங்னாலே பிக்கப்தான். வண்ணாரப்பேட்டை சிக்னல்ல பச்சை விழுந்ததும் முன் வீலு தூக்குனா போதும், பயலுக விசில் அடிச்சிருவானுக. லேண்ட் ஸ்பீடு ஓட்டம் அது இல்ல, அது வேற சோலி. அங்க கடைசி கியர்ல த்ராட்டிலை முழுசா முறுக்கி அப்படியே புடிச்சுக்கிட்டு கிலோமீட்டர் கணக்குல போகணும், டைம் எடுக்குறது கடைசியில உள்ள கொஞ்ச தூரத்துக்கு மட்டுந்தான். கொஞ்ச தூரத்துல முந்துற டிராக் (drag) ரேஸுக்குப் பண்ணுன வண்டிய கொண்டு போய் இப்படி ஓட்டுனா பாதி தூரத்துலயே பிஸ்டன் புடிச்சுரும், அதாவது சூட்டுல சிலிண்டரோட இறுகி சீஸ் ஆயிரும். அதனால பவர் கூட்டுறதைப் பத்திக் கம்மியாவும், சூடு, பெட்ரோல், காத்து இந்த மூணைப் பத்தி நிறையவும் சொல்லுதேன்.

முதல்ல இடம். நாலு வழிச்சாலை கிடையாது, திருச்செந்தூர் ரோடும் கிடையாது, விடியக்காலம் மூணு மணின்னாலும் கிடையாது. இதைப் பண்ண வேண்டியது அனுமதி வாங்கி ரன்வேயில நடத்துற ஓட்டத்துல, இந்தியாவுல மோட்டார் ரேஸைக் கவனிக்குற எஃப்எம்எஸ்சிஐ அமைப்போட லைசென்ஸ் எடுத்து. கயத்தாறு பக்கம் போர்க்காலத்து ரன்வே கிடக்குதுன்னு கிளம்பிராதீங்க, பழைய ரன்வேன்னா யாரு வேணாலும் போலாம்னு இல்ல. மெட்ராஸ்காரங்க ஒரு காலத்துல சோழவரத்துல இதே மாதிரி போர்க்கால ரன்வேயிலதான் ரேஸ் நடத்துனாங்க, ஆனா முறையா நடத்துனாங்க. இன்னொண்ணு, இப்படி மாத்துன வண்டிய ரோட்டுல ஓட்டக்கூடாது, குட்டி யானைல ஏத்திதான் கொண்டு போகணும்.

வண்டிக்கு ஆர்எக்ஸ் 100-ன்னு சொல்லுதேன், ஏன்னா ஸ்பேர் கிடைக்கும், பட்டறைல எல்லாருக்கும் கை பழகுன இன்ஜின். போர் (சிலிண்டர் விட்டம்) 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) 50 மில்லிமீட்டர், மொத்தம் 98 சிசி, கம்பெனி சொன்னது 11 ஹெச்பி. பளபளன்னு பெயிண்ட் அடிச்ச வண்டிக்கு இப்ப கேக்குற விலைய கேட்டா மயக்கம் வருது, நமக்கு அது வேண்டாம், சீஸ் ஆகி ஓரமா நிக்குற வண்டி போதும், ஆனா ஆர்சி சுத்தமா இருக்கணும். ஆர்எக்ஸ் 135 பிளாக்கை ஏத்தலாமேன்னு எவனாவது வருவான். ஏத்தலாம், ஆனா 100 சிசி கிளாஸ்ல ஓட முடியாதுலா.

இப்ப ஒரு கணக்கு, இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதிக் காசு மிச்சம். காத்தைத் தள்ளுறதுக்கு வேண்டிய பவர் வேகத்தோட கனத்துல, அதாவது மும்மடியில ஏறும். 11 ஹெச்பில 100-ல போற வண்டி 130-ல போகணும்னா 1.3-ஐ மூணு தடவை பெருக்குங்க, 2.2 வரும், அப்போ 24 ஹெச்பி வேணும். 98 சிசி ஏர் கூல்டு இன்ஜின்ல அதை எடுத்து, நீண்ட நேரம் உயிரோட வைக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல. ஆனா அதே 130-க்கு இன்னொரு வழி இருக்கு, காத்துல முட்டுற பரப்பைக் குறைக்குறது. ஹேண்டில்பாரை எடுத்துட்டு தாழ்வான கிளிப்-ஆன் ஹேண்டில் போட்டு, ஃபுட்ரெஸ்டைப் பின்னால தள்ளி, தாடை டேங்க்ல பட, முழங்கை முழங்காலுக்கு உள்ள அடங்குற மாதிரி படுத்தாலே வித்தியாசம் தெரியும். 1965-ல ஜெர்மனி க்ரைட்லர் கம்பெனி வெறும் 50 சிசி டூ ஸ்ட்ரோக்கை முழுக்க மூடுன கூட்டுக்குள்ள வச்சு அமெரிக்கா போனவில் உப்புத் தரையில 210 கிலோமீட்டர் வேகம் காட்டுனாங்க. கூடு இல்லாம அந்த இன்ஜினுக்கு அந்த வேகம் எட்டாது. அதனால போர்ட்டிங்க்கு, அதாவது சிலிண்டர்ல உள்ள போர்ட் துளைகளைத் தேய்ச்சுப் பெருசாக்குறதுக்கு, காசு கொடுக்குறதுக்கு முன்னாடி கண்ணாடி முன்னால நின்னு உக்காருற விதத்தைச் சரி பண்ணுங்க. மிரர், சைடு ஸ்டாண்டு, ஹெட்லைட், இண்டிகேட்டர் எல்லாத்தையும் கழட்டிருங்க.

இன்ஜின்ல ஆரம்பிக்க வேண்டியது கீழ இருந்து. கிராங்க்கைப் பிரிச்சு புது கனெக்டிங் ராடு கிட் போட்டு, லேத் பட்டறைல டயல் கேஜ் வச்சு சென்டர் பாக்கச் சொல்லணும். “அண்ணாச்சி, சுத்தி வச்சுத் தட்டிக் கண்ணாலேயே பாத்துரலாம்”னு சொல்லுற பட்டறைய விட்டு மெல்ல நழுவிருங்க. அப்புறம் பேரிங், ரெண்டு பக்கமும் ஆயில் சீல். இந்த ஆயில் சீல்தான் டூ ஸ்ட்ரோக்கோட உயிர்நாடி. கிளட்ச் பக்கத்து சீல் போனா கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகை விடும், அதைக் கண்ணால பாத்துரலாம். மேக்னட் பக்கத்து சீல் போனா ஒண்ணும் தெரியாது, வெளிக் காத்தை இழுக்கும், மிக்ஸர் (பெட்ரோலும் காத்தும் கலந்த கலவை) லீன் ஆகும், அதாவது பெட்ரோல் கம்மியாயிரும், நீங்க முழு வேகத்துல இருக்கும்போது பிஸ்டன் புடிக்கும்.

அதனால இன்ஜின் மூடுனதும் கட்டாயம் காத்து டெஸ்ட். இன்ஜின்ல சைலன்சர் மாட்டுற வாயையும் கார்புரேட்டர் மாட்டுற வாயையும் ரப்பரும் தகடும் வச்சு அடைச்சு, ஒரு சின்ன குழாய் வழியா காத்து ஏத்தணும். கம்ப்ரஸர் வேண்டவே வேண்டாம், சீலைப் பிதுக்கித் தள்ளிரும். டாக்டர் பிபி பாக்குற பழைய மாடல் பல்பும் கேஜும் இருந்தா போதும், அதுல 300 வரை ஏத்துனா ஏறக்குறைய 6 பிஎஸ்ஐ, நமக்கு அவ்வளவுதான் வேணும். அஞ்சாறு நிமிஷம் முள்ளு அசையாம நிக்கணும். இறங்குனா சோப்புத் தண்ணிய தொட்டு வச்சா எங்க முட்டை விடுதோ அங்கதான் ஓட்டை.

போர்ட் வேலைல பேராசை வேண்டாம். கிராங்க் சுத்துற கோணத்தைக் காட்டுற டிகிரி வீல் வச்சு அளந்து, புகை வெளிய போற எக்ஸாஸ்ட் போர்ட் 190 டிகிரி, மிக்ஸர் உள்ள வர்ற டிரான்ஸ்ஃபர் போர்ட் 130 டிகிரி பக்கம் திறந்திருக்குற மாதிரி நிறுத்துனா ரெண்டுக்கும் நடுவுல 30 டிகிரி கிடைக்கும், எரிஞ்ச புகை வெளிய போக அது போதும். எக்ஸாஸ்ட் போர்ட் அகலத்தை போர்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல, அதாவது 33 மில்லிமீட்டர் தாண்டி விரிச்சா ரிங் அதுல போய் மாட்டும். கிரைண்டிங் முடிஞ்சதும் போர்ட் விளிம்பை எல்லாம் மழுக்கி விடணும், இதைப் பாதிப்பேரு மறந்துருதான். ஹெட்ல ஸ்க்விஷ் இடைவெளி (பிஸ்டன் மேல வந்து நிக்கும்போது அதோட ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவுல உள்ள சந்து) பாக்க ஈயக் கம்பிய பிளக் ஓட்டை வழியா பிஸ்டன் ஓரம் வரை விட்டு, கையால கிராங்க்கைச் சுத்தி நசுக்கி, நசுங்குன இடத்தோட தடிமனை அளந்தா தெரியும். 1 மில்லிமீட்டர் பக்கம் வைங்க. கம்ப்ரஷனைக் கண்டபடி கூட்டாதீங்க, நம்ம ஊரு வெயிலுக்கு டிட்டோனேஷன்தான் (மிக்ஸர் தாறுமாறா வெடிச்சு இன்ஜினைத் தட்டுறது) மிஞ்சும்.

சைலன்சருக்கு ஒரு பழைய ஃபார்முலா இருக்கு. எக்ஸாஸ்ட் எத்தனை டிகிரி திறந்திருக்கோ அதை 1700-ஆல பெருக்கி, பவர் வேணும்ங்குற ஆர்பிஎம்மால வகுத்தா நீளம் இன்ச்சுல வரும், பிஸ்டன் வாயில இருந்து பின் கோனோட நடு வரைக்கும். 190-ஐ 1700-ஆல பெருக்கி 9500-ஆல வகுத்தா 34 இன்ச். 20 கேஜ் தகட்டுல கோன் வெட்டி டின்கர் பட்டறைல உருட்டிக்கலாம். அலையத் திருப்பி அனுப்பி வெளிய ஓடுற மிக்ஸரை உள்ள தள்ளுற இந்த வித்தைய கிழக்கு ஜெர்மனி எம்இசட் கம்பெனில வால்டர் காடன்னு ஒரு மனுஷன் செதுக்கி வச்சிருந்தாரு, 1961-ல அவரு ரேஸர் எர்ன்ஸ்ட் டெக்னர் சுசுகிக்குத் தாவுனதும் அடுத்த வருஷமே சுசுகி 50 சிசி உலகப் பட்டம் தூக்கிருச்சு. நமக்கு முக்கியம் என்னன்னா கடைசிக் குழாய். அது சின்னதா இருந்தா சூடு உள்ளேயே நின்னு பிஸ்டன் தலைல ஓட்டை போடும், அதனால சந்தேகம் வந்தா ஒரு அளவு பெருசாவே வைங்க, சத்தம் கூடுனா கூடட்டும்.

ஜெட்டிங்தான், அதாவது கார்புரேட்டர்ல பெட்ரோல் போற துளையான ஜெட்டோட சைஸைச் சரி பண்ணுறதுதான், பெரிய விஷயம். இணையத்துல வெள்ளைக்காரன் போட்டுருக்க போனவில் ஜெட் நம்பரை அப்படியே எடுத்துறாதீங்க. போனவில் கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,280 மீட்டர் உயரம், காத்து மெலிசு, அவன் ஜெட்டும் சின்னது. நம்ம பாளையங்கோட்டை கடல் மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, காத்து அடர்த்தி, அதே நம்பரைப் போட்டா லீன் ஆகிச் சீஸ்தான். மேல இப்ப பங்குல வர்ற இ20 பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கதால இன்னும் கொஞ்சம் ரிச்சா, அதாவது பெட்ரோல் கூடுதலா வேணும். ஆயில் பம்பைக் கழட்டிட்டு நேரா கலந்து ஊத்துறதுன்னா லிட்டருக்கு 50 மில்லி நல்ல 2டி ரேஸிங் ஆயில். ஆயில் கூடுனா அந்த அளவுக்குப் பெட்ரோல் குறையுதுங்குறதையும் ஞாபகம் வைங்க.

மெயின் ஜெட் நாலஞ்சு சைஸ் பெருசுல ஆரம்பிங்க. முழு த்ராட்டில்ல வண்டி குமுறும், சுதாரிக்காது, அதுதான் வேணும். ஒவ்வொண்ணா இறக்குங்க, குமுறல் நின்னு சுத்தமா இழுக்குற இடம் வரும், அதுல இருந்து ஒரு சைஸ் மேல ஏத்தி நிறுத்திருங்க. புது பிளக் போட்டு முழு வேகத்துல போய் கிளட்ச்சைப் புடிச்சு கில் சுவிட்சை அடிச்சு உருண்டு வந்து நிறுத்திப் பிளக்கைப் பாருங்க, பீங்கான்ல வெள்ளி மணல் மாதிரி புள்ளி இருந்தா அது பிஸ்டன்ல இருந்து வந்த அலுமினியம், அன்னைக்கு ஓட்டம் முடிஞ்சுது. என்ஜிகே பிளக்ல நம்பர் கூடக்கூட கோல்டு (சூட்டைச் சீக்கிரம் கடத்திரும்), பாஷ்ல அப்படியே தலைகீழ், கடைக்காரர் மாத்திக் கொடுத்துருவாரு, பாத்து வாங்குங்க.

பெட்ரோல் டேப்பையும் சோதிக்கணும். கார்புரேட்டர்ல இருந்து குழாயக் கழட்டி பாட்டில்ல பிடிச்சா நிமிஷத்துக்கு அரை லிட்டராவது விழணும், டேங்க் மூடி காத்துத் துளை அடைபடாம இருக்கணும். ஊருக்குள்ள ஓட்டும்போது தெரியாத இந்த அடைப்பு நீண்ட ஓட்டத்துல கார்புரேட்டர்ல பெட்ரோல் நிக்குற ஃப்ளோட் சேம்பரைக் காலி பண்ணிரும். ஃபில்டரைக் கழட்டி வீசாதீங்க, திசையன்விளை தேரி மண்ணு ஒரு சிட்டிகை உள்ள போனாலும் ரிங் காலி.

கியருக்கு பின் டயர்ல சுண்ணாம்புக் கோடு போட்டு, ஆள் ஏறி உக்காந்து ஒரு சுத்து உருட்டி தரையில அளங்க. 1.87 மீட்டர் வந்து, கடைசி கியர்ல மொத்த ரேஷியோ 8 (இன்ஜின் எட்டு சுத்து சுத்துனா வீல் ஒரு சுத்து) இருந்தா 9500 ஆர்பிஎம்ல 133 கிலோமீட்டர். பின்னாடி சின்ன ஸ்ப்ராக்கெட் போட்டா வேகம் கூடிரும்னு நினைக்காதீங்க, இன்ஜின் அந்த ஆர்பிஎம்மை எட்டலைன்னா வேகம் குறையத்தான் செய்யும். முன்னாடி ரெண்டு, பின்னாடி மூணு ஸ்ப்ராக்கெட் கையில இருக்கட்டும்.

பாடில சிக்கனம் பாக்காதீங்க. டயர்ல எழுத்து பாருங்க, எல் (L)-னா 120, பி (P)-னா 150, எஸ் (S)-னா 180 கிலோமீட்டர் வேகம் வரை. ஹேண்டில் ஆட்டத்தை அடக்குற ஸ்டீயரிங் டேம்பர், டயர் வால்வுக்கு இரும்பு மூடி, டிரெயின் போல்ட்டுக்குக் கம்பி கட்டு, கையில கயிறு கட்டி விழுந்தா இன்ஜினை அணைக்குற கில் சுவிட்ச், ஒரே பீஸ் தோல் சூட். டிரம் பிரேக்குக்கு நிக்க ரொம்ப தூரம் வேணும், டூ ஸ்ட்ரோக்ல இன்ஜின் பிரேக்கிங்கும் பேருக்குத்தான்.

ஆனி ஆடில இந்தப் பக்கம் ஓட்டமே வேண்டாம். பணகுடி, காவல்கிணறு பக்கம் காத்தாடி சுத்துறதைப் பாத்தாலே தெரியும், பக்கவாட்டுக் காத்து வண்டிய ரெண்டடி தள்ளிரும். தை மாசி விடியக்காலம்தான் காத்து அடங்கி இருக்கும். ஆனா குளிர்ல காத்து அடர்த்தி, ஆறு மணிக்கு ஓட்டுற ஜெட் பத்து மணிக்கு ரிச்சா தெரியும், பத்து மணிக்கு செட் பண்ணுனது மறுநாள் ஆறு மணிக்கு லீன். ஸ்பீடோமீட்டரை நம்பாம ஜிபிஎஸ் வச்சு ரெண்டு திசையும் ஓட்டி சராசரி எடுங்க, பின் காத்துல காட்டுற வேகம் வீட்டுல சொல்லிக்க மட்டுந்தான்.

ஓடும்போது ரெண்டு விரலு எப்பவும் கிளட்ச்ல இருக்கணும். சத்தம் மாறுனா, வண்டி லேசா மொறைச்சா, யோசிக்காம கிளட்ச்சைப் புடிங்க. எல்லைக் கோட்டைத் தாண்டுனதும் த்ராட்டிலை டபக்குன்னு மூடிராதீங்க, பெட்ரோலோட ஆயிலும் நின்னு போகும், இன்ஜின் இன்னும் வேகமாச் சுத்திக்கிட்டு இருக்கும். கில் சுவிட்சை அடிச்சு, த்ராட்டிலைத் திறந்தே வச்சு ஒரு ரெண்டு செகண்டு விட்டா குளுந்த பெட்ரோலும் ஆயிலும் உள்ள போயி சூட்டை இறக்கும், அப்புறம் கிளட்ச்சைப் புடிச்சு உருண்டு வாங்க.