நூலகத்தில் சீன விளக்குத் திருவிழா: குடும்பங்களுக்காக நடத்தும் முறை

சீனப் புத்தாண்டின் 15ஆம் நாள், ஆண்டின் முதல் முழுநிலவன்று வரும் விளக்குத் திருவிழாவைப் போல் பொது நூலகத்திற்குப் பொருந்தும் சீன விழா வேறொன்று இல்லை என்றே கருதுகிறேன். அதன் நடுநாயகமாக இருப்பது விடுகதை. விளக்கின் அடியில் விடுகதைத் தாளைத் தொங்கவிட்டு வருவோரை விடை காண அழைக்கும் வழக்கம் சோங் அரச மரபின் காலத்திலிருந்தே (960–1279) தொடர்ந்து வருகிறது. 2027இல் இந்நாள் பிப்ரவரி 20, சனிக்கிழமையன்று வருவதால் குடும்பத்தோடு வருவோருக்கு வசதியாக இருக்கும்.

முதல் வேலையாக, அருகில் வாழும் சீனக் குடும்பத்தினரைத் திட்டமிடும் கூட்டத்திற்கே அழையுங்கள். எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, விழா நாளில் மேடையேற மட்டும் அவர்களைக் கூப்பிடுவது முறையாகாது. கதையைச் சீன மொழியிலும் உள்ளூர் மொழியிலும் மாறி மாறிச் சொல்ல ஒரு பெரியவர் முன்வந்தால் அதைவிடச் சிறப்பு இல்லை.

விடுகதைகள் இருபதேனும் வேண்டும். ஒவ்வொன்றின் விடையும் உங்கள் அலமாரியிலுள்ள ஏதேனும் ஒரு நூலில் இருக்கட்டும். "பன்னிரண்டு விலங்குகள் ஓடிய பந்தயத்தில், எருதின் முதுகில் ஏறி வந்து முதலிடத்தைத் தட்டிச் சென்றது யார்?" என்று எழுதி, சீன ராசிக் கதைகள் உள்ள அலமாரி எண்ணைக் கீழே குறித்துவிட்டால், எலியைத் தேடிப் பிள்ளைகள் தாமாகவே நூல்களிடம் போவார்கள். எளியவற்றை ஆறு வயதுக் குழந்தையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் கட்டுங்கள். விடை தெரிந்தவர் தாளைக் கிழித்துக்கொண்டு மேசைக்கு வந்து சரிபார்ப்பதே மரபு. பரிசாகக் கடிகாரம் தர வேண்டாம்; 'கடிகாரம் பரிசளித்தல்' என்பதற்கான சீனச் சொல், இறுதிச் சடங்கு செய்வதைக் குறிக்கும் சொல்லைப் போலவே ஒலிக்கும். நான்கு என்ற எண்ணும் சாவை நினைவூட்டும் ஒலியுடையது என்பதால், பொருள்களை நான்கு நான்காகக் கட்டாதீர்கள்.

விளக்கு செய்வதற்குச் செவ்வகமான சிவப்புத் தாள் போதும். அதை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து விரலகல இடைவெளியில் வெட்டிக்கொண்டே போக வேண்டும். எதிர்விளிம்பில் இரு விரல் அகலம் வெட்டாமல் விட்டுவிட வேண்டும். பிறகு விரித்து, வெட்டுகள் மேலும் கீழுமாக நிற்கும்படி உருளையாகச் சுருட்டி ஒட்டி, மெல்ல அழுத்தினால் நடுப்பகுதி புடைத்து விளக்கின் வடிவம் வந்துவிடும். உள்ளே மெழுகுவத்தி கூடவே கூடாது. தாளும் நூல்களும் நிறைந்த இடத்தில் சிறிய மின்கல விளக்கே தகும்.

சிங்க நடனம் இருந்தால், முரசும் தாளமும் எழுப்பும் ஓசையைக் கருதி அதை வாசலுக்கு வெளியே வையுங்கள்; இரைச்சலைத் தாங்காத குழந்தைகளுக்கு உள்ளே ஓர் அமைதியான அறை திறந்திருக்கட்டும்.

உணவில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. இவ்விழாவுக்கே உரிய தாங்யுவான் என்னும் பசையரிசி உருண்டை தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் தன்மையுடையதாகையால், சிறு குழந்தைகளுக்குத் தவிர்ப்பதே நல்லது. அதன் பூரணத்தில் எள்ளோ வேர்க்கடலையோ பெரும்பாலும் இருக்கும் என்பதால், ஒவ்வாமை உள்ளோர் அறியும்படி மேசையிலேயே எழுதி வையுங்கள்.

சீன மொழி நூல்களையும் மொழிபெயர்ப்புகளையும் வாசலருகே அடுக்கி, அங்கேயே இரவல் பதிவு செய்ய ஒருவரை அமர்த்துங்கள். விடை காணப்படாத விடுகதைகளை மேலும் ஒரு வாரம் அப்படியே தொங்கவிடுங்கள்.