செதில் வேறு, செவுள் வேறு

மீன் எதனால் சுவாசிக்கிறது என்று கேட்டால், பெரியவர்களிலேயே பலர் ‘செதில்’ என்கிறார்கள். செதில் என்பது உடல்மேல் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கியிருக்கும் கவசம். மீன் கழுவும்போது சுரண்டி எடுப்போமே, அது. சுவாசிக்க உதவுவது செவுள். தலையின் இரு பக்கமும் உள்ள மூடியைத் தூக்கினால் சீப்புப் பற்கள்போல் சிவப்பாகத் தெரியும். அதில் ஓடும் ரத்தம்தான் அந்தச் சிவப்பு. கடையில் செவுளைத் தூக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்; கண் குழிந்திருக்கிறதா, விரலால் அழுத்திய பள்ளம் அப்படியே நிற்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்த தவறுக்குத் ‘துடுப்பு’ என்ற பெயரே காரணம். படகுத் துடுப்பு நினைவுக்கு வருவதால், மீனும் அதை வலித்துத்தான் முன்னே போகிறது என்று எண்ணிவிடுகிறோம். பெரும்பாலான மீன்களை உந்தித் தள்ளுவது உடலின் பக்கச் சதையும் வாலும். நாம் சாப்பிடும் துண்டு அந்தச் சதைதான். முதுகுத் துடுப்பும் குதத் துடுப்பும் மீன் உருண்டுவிடாமல் காக்கின்றன. மார்புத் துடுப்பு திரும்பவும் வேகத்தைக் குறைக்கவும் உதவுகிறது. திருக்கை இதற்கு விலக்கு. இறக்கைபோல் அகன்றிருப்பது அதன் மார்புத் துடுப்புதான். அதை அசைத்தே நீந்துகிறது.

படம் வரையும் மாணவர்கள் இடுப்புத் துடுப்பை எப்போதும் வயிற்றின் நடுவில் போடுகிறார்கள். கெண்டைக்கு அது சரி. ஜிலேபிக்கு அது மார்புத் துடுப்பின் கீழேயே இருக்கும். இரண்டு மீனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், பாடப்புத்தகம் பத்து முறை சொல்வது ஒரே பார்வையில் விளங்கிவிடும்.

கெளுத்தியிடம் செய்யும் தவறு வலியில் முடியும். மீசை குத்தும் என்று பயந்து தலையை விட்டு உடலைப் பிடிக்கிறார்கள். மீசை, தடவி ருசி பார்க்கும் உறுப்பு, அது குத்தாது. குத்துவது முதுகுத் துடுப்பின் முன்னாலும் இரு மார்புத் துடுப்புகளிலும் உள்ள தடித்த முள். மிரண்டால் அதை விரித்துப் பூட்டிக்கொள்ளும், மடக்க முடியாது. கெளுத்தி வகையைச் சேர்ந்த தேளி மீனுக்கு முதுகில் முள் கிடையாது, மார்புத் துடுப்பு முள்ளில் கடும் விஷம் உண்டு. குத்திவிட்டால், கை தாங்கும் சூட்டில் வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் வரை வைத்திருந்தால் வலி குறையும். முள் ஒடிந்து உள்ளே நின்றாலோ வீக்கம் ஏறினாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

கானாங்கெளுத்தியின் பெயரைக் கேட்டு அதையும் இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். அதற்கு மீசையும் இல்லை, விஷமுள்ளும் இல்லை. அது வஞ்சிரத்தின் உறவு. வாலை ஒட்டி மேலே 5, கீழே 5 என்று குட்டித் துடுப்புகள் வரிசையாக நிற்கும். வஞ்சிரத்திலும் அந்த வரிசையைக் காணலாம்.

வஞ்சிரத்தின் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய கோட்டை வெறும் நிறக்கோடு என்று விட்டுவிடுகிறோம். அது பக்கக் கோடு. நீரின் சிறு அசைவையும் உணரும் உறுப்பு. உடலில் குறுக்குப் பட்டைகள் கொண்ட பெரிய வஞ்சிரத்தில், இரண்டாம் முதுகுத் துடுப்பு முடியும் இடத்தில் அந்தக் கோடு சட்டென்று கீழே இறங்கும். புள்ளி போட்ட இனத்தில் அப்படி இறங்காது, மெல்லச் சரிந்து வாலுக்குப் போகும்.