மூளையில் ஓடும் அலையைக் கணக்கு நோட்டில் வரைந்து பார்ப்பது எப்படி?

மூளையின் வெளிப்படலமான புறணியில் ஓரிடத்தில் எழும் கிளர்ச்சி அலையாக நகர்வதைப் புரிந்துகொள்ளக் கட்டம் போட்ட கணக்கு நோட்டும் பென்சிலும் போதும். கிருஷ்ணகிரியில் என்னிடம் வரும் மாணவர்களையும் நான் நோட்டில்தான் தொடங்கச் சொல்கிறேன். நேரே எக்ஸெலைத் திறப்பவர்கள் சூத்திரத்தைத் திருத்துவதிலேயே மாலையைக் கழித்துவிடுகிறார்கள்.

முதலில் ஒரு வரியில் 30 கட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு நியூரான், அதாவது நரம்புச் செல். 0 அமைதியையும், 1 துடிப்பையும், 2 துடித்தபின் வரும் களைப்பையும் குறிக்கும். நடுக்கட்டத்தில் 1 எழுதி, மற்றவற்றில் 0 எழுதுங்கள்.

அடுத்த வரி, அடுத்த கணம். 1 இருந்த கட்டம் 2 ஆகும். 2 இருந்தது 0 ஆகும். 0 இருந்த கட்டம், இடப்பக்கமோ வலப்பக்கமோ 1 இருந்தால் மட்டும் 1 ஆகும். கிரீன்பெர்க், ஹேஸ்டிங்ஸ் என்ற கணிதவியலாளர்கள் இருவரும் 1978-இல் வெளியிட்ட மாதிரியின் எளிய வடிவம் இது. பத்து வரிகளை நிரப்புவதற்குள் இரண்டு அலைகள் இருபுறமும் விலகிச் செல்வது கண்ணுக்குத் தெரியும்.

இனிக் களைப்பின் வேலையைக் கவனியுங்கள், ஏனெனில் அலைக்குத் திசை தருவது அதுதான். தொடக்க வரியில் 1-க்கு இடப்பக்கம் 2 எழுதினால், அலை வலப்பக்கம் மட்டுமே போகும். களைப்பையே நீக்கி, 1 நேராக 0 ஆகட்டும் என்று விதியை மாற்றினால், அலை கடந்துபோன கட்டங்களும் அடங்காமல் மாறிமாறித் துடித்துக்கொண்டே இருக்கும். பழைய விதிக்குத் திரும்பி, இரு முனைகளிலிருந்தும் அலைகளை எதிரெதிரே அனுப்புங்கள். கே.ஆர்.பி. அணை நீரில் இரண்டு கற்களை எறிந்தால் வளையங்கள் ஒன்றையொன்று ஊடுருவிப் போகும். இங்கோ சந்தித்த இடத்திலேயே இரண்டும் அணைந்துவிடும், ஒவ்வோர் அலைக்கும் பின்னால் களைத்த கட்டமே இருப்பதால்.

ஒரு கட்டத்தை 0.1 மில்லிமீட்டர் என்றும், ஒரு வரியை 0.5 மில்லிநொடி என்றும் கொண்டால், அலையின் வேகம் நொடிக்கு 0.2 மீட்டர். புறணியில் கிடையாக ஓடும் மயலின் என்னும் கொழுப்பு உறையற்ற நரம்பு நார்களில் துடிப்பு செல்லும் வேகமும் ஏறத்தாழ இந்த அளவுதான். நார்களின் தாமதத்தையும் மற்ற நியூரான்களின் துடிப்பைத் தடுக்கும் நியூரான்களையும் சேர்த்துக் கணினியில் அமைக்கும் பெரிய வலைப்பின்னல்களில், அலை கடக்கும்போது எல்லா நியூரான்களும் துடிக்க வேண்டியதில்லை. துடிக்கும் வாய்ப்பு சற்றுக் கூடினாலே அலை நகரும்.

இப்போது எக்ஸெலுக்குப் போகலாம். 30-ஆம் கட்டத்தை முதல் கட்டத்தின் இடப்பக்க அண்டையாகவும், முதல் கட்டத்தை 30-ஆம் கட்டத்தின் வலப்பக்க அண்டையாகவும் சூத்திரத்தில் இணைத்து, ஒருபக்க அலையை விடுங்கள்: 30 வரிகளுக்கு ஒருமுறை அது புறப்பட்ட கட்டத்துக்கே வந்து சேரும்.