மாயப் பள்ளிக் கதை எழுதுவது எப்படி: காவிரிக் கரையிலிருந்து ஒரு செய்முறை

அக்காள் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. மந்திரம் கற்றுத்தரும் பள்ளியைப் பற்றிய கதைகளை அடுத்தடுத்துப் படித்து முடித்திருந்தாள். எல்லாவற்றிலும் கோட்டை, பனி, கணப்பு அடுப்பு. "நம் ஊரில் அப்படி ஒரு பள்ளி இல்லையா மாமா?" என்று ஒருநாள் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் எழுதத் தொடங்கினேன். முடிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. நான் நின்றுபோன இடங்களில் நீங்களும் நிற்க வேண்டாம் என்பதற்காக இந்தப் பதிவு.

படி 1: பள்ளி ஆண்டை ஆற்றிடம் கேளுங்கள்

வெளிநாட்டுக் கதைகளில் செப்டம்பரில் பள்ளி திறக்கும். நம் கதைக்கு அது எதற்கு? மேட்டூர் அணை திறக்க மரபான நாள் ஜூன் 12, மூட ஜனவரி 28. என் பள்ளியும் அந்த இரண்டு நாட்களுக்கு நடுவில்தான் நடக்கிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்துசேர மூன்று நான்கு நாட்கள் ஆகும். புதிய மாணவர்கள் வந்து சேர்வதும் அந்த நாட்களில்தான். ஆடிப்பெருக்கில் சப்பரம் இழுப்பது, சம்பா நடவு, ஐப்பசி அடைமழை, பொங்கல் என்று அத்தியாயங்கள் தாமாகவே வரிசைக்கு வந்துவிடும். கோடையில் ஆறு வெறும் மணலாகக் கிடக்கும்போது மந்திரமும் வற்றிப்போகும். பிள்ளைகளுக்கு அதுதான் விடுமுறை.

படி 2: நான்கு அணிகள்

மாணவர்களை அணிகளாகப் பிரிப்பது இங்கிலாந்து விடுதிப் பள்ளிகளின் பழக்கம். அதை அப்படியே எடுத்துவந்து சிங்கம், கழுகு என்று பெயர் வைத்தால் கதை ஒட்டாது. கல்லணையில் தண்ணீரைக் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்கு வழியில் திறந்துவிடுகிறார்கள். என் நான்கு அணிகளும் அவைதாம். கல்லணைக் கால்வாயைத் தஞ்சைப் பக்கம் புது ஆறு என்பார்கள். மற்ற மூன்றுக்கும் அது மிக இளையது, 1934இல்தான் தண்ணீர் கண்டது. ஆகவே, வீட்டிலேயே முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் அந்த அணியில் இருக்கிறார்கள். கொள்ளிடம் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் ஆறு. அந்த அணிக்குப் போக முதலில் யாருக்கும் விருப்பம் இருக்காது. மழைக்காலம் வந்த பிறகுதான் அதன் அருமை தெரியும்.

படி 3: மந்திரத்துக்கு விலை வையுங்கள்

இந்தப் படியில்தான் எட்டு மாதம் சிக்கிக்கொண்டேன். மற்றவற்றை அவசரமாகப் படித்தாலும் இதை நிதானமாகப் படியுங்கள்.

முதல் வடிவத்தில் என் நாயகி பொன்னி எதையும் செய்துவிடுவாள். நான்காம் அத்தியாயம் வரை அக்காள் மகளுக்குப் படித்துக் காட்டினேன். திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு, "இவ்வளவும் செய்கிறவள் அவள் அம்மாவின் நகையை ஏன் அடகுக் கடையிலிருந்து மீட்கவில்லை?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. நோட்டை மூடிவிட்டேன்.

பதில் வயலில் கிடைத்தது. முறைவைத்துத் தண்ணீர் விடும் காலத்தில், வாய்க்கால் தொடங்கும் தலைமடையில் ஒருவர் இரவோடு இரவாக மடையை வெட்டிக்கொண்டால், வாய்க்கால் முடியும் கடைமடையில் வயல் காய்கிறது. மந்திரமும் அப்படித்தான் ஓடுகிறது என்று வைத்தேன். தலைமடையில் பொன்னி ஒரு விளக்கை மந்திரத்தால் ஏற்றினால், கடைமடையில் அவள் பார்த்தறியாத ஒரு பிள்ளையின் விளக்கு மங்கும். அந்த ஒரு விதி வந்ததும் கதை எழுந்து நடந்தது. நகையை அவள் ஏன் மீட்கவில்லை என்பதற்குக் காரணம் கிடைத்தது. எதிராளி யார் என்பதும் தெரிந்தது: மடையை வெட்டிக்கொண்டு, கடைமடையைப் பற்றி நினைக்காதவன்.

செய்முறையாகச் சொன்னால், ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் உங்கள் மந்திரம் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். வலப்பக்கம் அதற்காக யாருக்கு எது குறைகிறது என்று எழுதுங்கள். வலப்பக்கம் காலியாக இருக்கும் மந்திரத்தை அடித்துவிடுங்கள். நான் பதினேழில் ஆறைத்தான் வைத்துக்கொண்டேன்.

படி 4: மந்திரச் சொற்கள்

"ஓம் ஹ்ரீம்" வேண்டவே வேண்டாம். அதைக் கேட்டதும் தாடி வைத்த திரைப்பட மந்திரவாதிதான் கண்முன் வருகிறான். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, எண்சுவடியை ராகம் போட்டு ஒப்பித்தார்கள். அதைவிட நல்ல மந்திரம் எங்கே இருக்கிறது? பழைய தமிழ்க் கணக்கில் முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. நான்கு முந்திரி ஒரு காணி, நான்கு காணி ஒரு மா, இருபது மா ஒன்று. பொன்னி ஒரு பொருளைச் சிறிதாக்க வேண்டுமானால் "மா, காணி, முந்திரி" என்று இறங்கிச் சொல்வாள். பெரிதாக்க ஏறிச் சொல்வாள். ஒரு படியைத் தவறவிட்டால் பூனை பானைக்குள் சிக்கிக்கொள்ளும். டெல்டாவில் இன்றும் நிலத்தை மாக் கணக்கில் சொல்கிறவர்கள் உண்டு, இருபது மா ஒரு வேலி. அதனால் இங்குள்ள பிள்ளைகள் தாத்தாவிடம் ஓடிப்போய்க் கேட்பார்கள். மாணவர் தலைவனுக்கும் புதுப் பெயர் தேட வேண்டாம், சட்டாம்பிள்ளை இருக்கிறான்.

படி 5: எழுதுவதும் தட்டச்சும்

முதல் வடிவத்தைக் கோடு போடாத நோட்டில் பென்சிலால் எழுதுங்கள். வரைபடத்தையும் அதிலேயே போட்டுக்கொள்ளலாம். கணினிக்கு வரும்போது தமிழ்99 விசைப்பலகையைப் பழகுங்கள். ஆங்கில ஒலியில் அடித்துத் தமிழாக்கும் முறை தொடக்கத்தில் எளிது, ஆனால் மனம் ஆங்கில எழுத்துகளிலேயே நின்றுவிடுகிறது. தமிழ்99 எனக்கு இரண்டு வாரத்தில் கைக்கு வந்தது. எதில் அடித்தாலும் யூனிகோடில் அடியுங்கள். நான் மூன்று அத்தியாயங்களைப் பழைய எழுத்துருவில் அடித்துவைத்திருந்தேன். அச்சுக் கடையில் திறந்தபோது பக்கம் முழுவதும் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தது. திரும்ப அடிக்க ஒரு மாதம் போயிற்று.

படி 6: உரக்கப் படியுங்கள். பிள்ளை எந்த இடத்தில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறதோ, அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைத்துப் பிறகு சுருக்குங்கள்.

பின்சேர்க்கை: இந்தப் பதிவைப் படித்துவிட்டு எழுதிய இரண்டு பேருக்கும் ஒரே சிக்கல். மந்திரத்தால் யாருக்கோ குறையும் என்றதும் அவர்களுடைய நல்ல பாத்திரங்கள் மந்திரத்தையே விட்டுவிட்டன, கதை நகரவில்லை. இதற்கு வடகிழக்குப் பருவமழையைப் பயன்படுத்துங்கள். ஐப்பசியில் கடைமடைக்கு மேலிருந்தே தண்ணீர் கிடைக்கிறது, யாரிடமிருந்தும் எடுக்க வேண்டியதில்லை. அந்த மாதத்தில் மந்திரம் அளவின்றிப் பெருகட்டும். பிள்ளைகள் ஆசைதீரச் செய்துபார்க்கட்டும். பிறகு அது கரையை உடைக்கும் அளவுக்கு ஏறட்டும். அப்போது எல்லோரும் ஏளனமாகப் பார்த்த கொள்ளிடம் அணியை முன்னால் நிறுத்துங்கள். என் கதையில் அது பதினோராம் அத்தியாயம். அக்காள் மகள் அன்று தண்ணீர் குடிக்க எழுந்திருக்கவில்லை.