பாம் க்ரியர் படங்கள எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

பிளாக்ஸ்ப்ளாய்டேஷன் படம்னாலே, அதாவது 1970கள்ல அமெரிக்காவுல கறுப்பின நடிகர்கள முன்னிறுத்தி எடுத்த மசாலா படங்கள்னாலே, ஷாஃப்ட், சூப்பர் ஃப்ளைன்னு ஆம்பளைங்க படத்தத்தான் எல்லாரும் சொல்லுவாங்க. ஹீரோயின் அடிச்சு நொறுக்குற படம் வேணும்னா அதெல்லாம் முடிச்சுட்டு வரணும்னு அவசியமே இல்ல, நேரா 1973ல வந்த காஃபி (Coffy) படத்துல ஆரம்பிங்க. ஜாக் ஹில் டைரக்ஷன், கறுப்பின அமெரிக்க நடிகை பாம் க்ரியர் ஹீரோயின், போதையில சீரழிஞ்ச தங்கச்சிக்காக போதை கும்பல தேடித்தேடி பழிவாங்குற காஃபிங்கற ஒரு நர்ஸோட கதை.

சண்டைய விட, சண்டைக்கு முன்னாடி அவ பண்ற வேலைய கவனிச்சுப் பாருங்க. ஒரு பார்ட்டியில தகராறு வரும்னு முன்னாடியே தெரிஞ்சு ஆஃப்ரோ முடிக்குள்ள (பந்து மாதிரி சுருள் சுருளா வளர்த்த தலைமுடி) பிளேடு சொருகி வச்சுக்குவா, முடிய புடிச்சு இழுக்க வந்தவளோட கைதான் கிழியும். அடுத்த வருஷம் வந்த ஃபாக்ஸி பிரவுன்ல அதே ஆஃப்ரோக்குள்ள துப்பாக்கியே இருக்கும். அந்தக் காலத்துல கறுப்பின மக்கள் பெருமையா வளர்த்த முடி அது, அதையே ஆயுதமா மாத்துறத பாக்கும்போது எனக்கு இன்னிக்கும் புல்லரிக்கும்.

காஃபி முடிச்ச கையோட அதே 1973ல வந்த கிளியோபாட்ரா ஜோன்ஸ் பாத்துடுங்க, ரெண்டையும் ஜோடியா பாத்தாதான் விஷயம் புரியும். ரெண்டுலயும் எதிரி போதை வியாபாரம்தான், ஆனா காஃபிக்குப் பின்னாடி யாருமே கிடையாது, போலீஸ்லயே பாதி விலைபோனவங்க, அவளோட அரசியல்வாதி காதலன் மேல ஒரு கண்ணு வச்சுக்கோங்க. கிளியோபாட்ராவா வர்ற டமாரா டாப்சன் 6 அடி 2 அங்குலம், அமெரிக்க அரசாங்க ஏஜென்ட், துருக்கியில ஓபியம் வயல கொளுத்துறதுலதான் படமே ஆரம்பிக்கும். கைல அதிகாரம் இருக்குற பொண்ணு எப்படி நிக்குறா, இல்லாதவ எப்படி நிக்குறான்னு பாருங்க. எனக்கு காஃபிதான் ஒரு படி மேல.

ஒண்ணு முன்கூட்டியே சொல்லிடுறேன், பாம் க்ரியர் படங்கள்ல நிர்வாணமும் ரத்தமும் நிறைய, ஃபாக்ஸி பிரவுன்ல பாலியல் வன்முறையும் இருக்கு, பசங்கள வச்சுட்டு பாக்காதீங்க. எடுத்தவங்க பெரும்பாலும் வெள்ளைக்கார ஆம்பளைங்க, அதனால கேமரா இப்ப அவ உடம்ப பாக்குதா இல்ல அவ எடுக்குற முடிவ பாக்குதான்னு சீனுக்கு சீன் கேட்டுட்டே பாருங்க, ஒரே படத்துல ரெண்டும் மாறி மாறி வரும். உடம்ப காட்டுறதுக்காகவே வச்ச சீன்ல கூட பாம் க்ரியர் முகத்துல இருக்குற கோவம் நம்மள வேற பக்கம் பாக்க விடாது.

ஷீபா பேபி, ஃப்ரைடே ஃபாஸ்டர் ரெண்டும் 1975, நேரம் இருந்தா பாருங்க, கொஞ்சம் சாதுவான படங்கதான். 1997ல டாரன்டினோ எடுத்த ஜாக்கி பிரவுன கடைசிக்கு வச்சுக்கோங்க. படத்துக்கு மூலமான நாவல்ல ஜாக்கிங்கற அந்த விமானப் பணிப்பெண் கேரக்டர் வெள்ளைக்காரப் பொண்ணு, பாம் க்ரியருக்காகவே மாத்தினாங்க. காஃபி பாத்துட்டு வந்தா அந்த விமானப் பணிப்பெண் அடிதடியே இல்லாம மூளைய வச்சே எல்லாரையும் கவுக்குறது டபுள் கிக்கா இருக்கும்.